உங்களுக்குத் தெரியுமா? லிவர்பூல் டாக்குகள் மீண்ட கதை

உலகில் முதன்முதலாக வணிகக் கப்பல்களுக்கென்று நீரை அடைத்துக் கட்டிய டாக், இன்று ஒரு கடைவீதிக்கு அடியில் இருக்கிறது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தாமஸ் ஸ்டீர்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1715-ல் திறந்தது அது. அங்கே மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் கடல்நீர் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். சரக்கை இறக்குவதற்கு நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ஸ்டீர்ஸ் ஓர் ஓடையின் வாயை மறித்துச் சுவர் எழுப்பி, அதற்குக் கதவும் வைத்தார். கப்பல் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினால் போதும். வெளியே ஆறு எவ்வளவு வற்றினாலும் உள்ளே ஏரி போல நீர் நிற்கும். ஒரு சிறிய ஊரை உலகத் துறைமுகமாக்கிய யோசனை இதுதான்.

*

அந்தப் பழைய டாக்கை 1826-ல் மூடினார்கள். தூர்த்த மண்ணின் மேல் சுங்க மாளிகை எழுந்தது. 1941-ல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அது சிதைந்தது. கீழே ஒரு டாக் கிடக்கிறது என்பது ஏட்டில் மட்டும் மிஞ்சியது. 2001-ல் புதிய கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது, செங்கல் சுவர் அப்படியே வெளிப்பட்டது. 2008-ல் திறந்த ‘லிவர்பூல் ஒன்’ கடைவீதி வளாகத்தை அந்தச் சுவருக்குச் சேதமில்லாமல் அதன் மேலேயே கட்டினார்கள். கீழே இறங்கிப் பார்க்கவும் வழி விட்டிருக்கிறார்கள். ஸ்டீர்ஸின் சுவரையும் அது ஊன்றி நிற்கும் மணற்பாறையையும் இப்போது வழிகாட்டியோடு சென்று அருகிலிருந்து பார்க்கலாம். கடைவீதியின் அடித்தளத்துக்கு இடைஞ்சல் என்று அதை உடைத்துப் போட்டிருந்தால், கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உடைக்கவில்லை என்பதற்காகவே அந்த நகரத்தை மெச்ச வேண்டும்.

*

1931-ல் லிவர்பூலின் மக்கள்தொகை சுமார் எட்டரை லட்சம். 2001-ல் அது சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம். எழுபது ஆண்டுகளில் கிட்டத்தட்ட பாதி ஊர் காலி. பிரிட்டனின் வணிகம் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவின் பக்கம் திரும்பியது. அதனால் மேற்குக் கரைத் துறைமுகத்தின் மவுசு குறைந்தது. அடுத்து கன்டெய்னர் வந்தது. நூறு பேர் தோளில் சுமந்த சரக்கைச் சில கிரேன்கள் தூக்கிவிட்டன. பெரிய கப்பல்கள் நகருக்கு வடக்கே ஸீஃபோர்த்துக்குப் போயின. தெற்கு டாக்குகளை 1972-ல் மூடினார்கள். கதவுகளைத் திறந்தபடி விட்டுவிட்டதால், ஆறு தினமும் இருமுறை வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. சில ஆண்டுகளிலேயே பாய்மரக் கப்பல்கள் நின்ற இடமெல்லாம் ஆளுயரத்துக்கு மேல் சேறு.

*

இந்தக் கதையின் நாயகர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால், நான் ஜெஸி ஹார்ட்லியைத்தான் சொல்வேன். 1824 முதல் 1860-ல் இறக்கும் வரை லிவர்பூல் டாக்குகளுக்கு அவர்தான் பொறியாளர். அந்தக் காலத்துக் கிடங்குகளில் தளமும் உத்தரமும் மரம். பருத்தி, சாராயம், சர்க்கரை என்று உள்ளே இருப்பதெல்லாம் பற்றி எரியும் பொருள்கள். ஒரு தீப்பொறியில் தெருவே போய்விடும். ஹார்ட்லி கட்டிய ஆல்பர்ட் டாக் கிடங்குகளில் இரும்பு, செங்கல், கல் மட்டும்தான். தூண் வார்ப்பிரும்பு, தளம் செங்கல் வளைவு, கூரையும் இரும்புத் தகடு. முன்கூட்டியே ஒரு மாதிரி அறை கட்டி, அதற்குள் மரத்தையும் தாரையும் நிரப்பிக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் வேலையில் இறங்கினார். தீப்பிடிக்காத கிடங்குத் தொகுதி என்று உலகில் முதலில் பெயர் வாங்கியது அதுதான்.

மரமே இல்லை என்று சொன்னது தரைக்கு மேலே. கீழே, ஆற்றங்கரைச் சேற்றுக்குள், 13,000-க்கும் அதிகமான மரக்கழிகளை அறைந்து இறக்கித்தான் அவ்வளவு பாரத்தையும் நிறுத்தியிருக்கிறார். மேலே அடுக்கிய செங்கல் மட்டும் 2 கோடியைத் தாண்டும்.

*

ஆல்பர்ட் டாக்கை 1846 ஜூலை 30-ல் திறந்து வைத்தவர் விக்டோரியா மகாராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட். பாழாய்ப் போய், சீரமைத்து, 1988 மே மாதம் அதை மீண்டும் திறந்து வைத்தவர் அவருடைய வழித்தோன்றலான இளவரசர் சார்லஸ். இன்றைய மன்னர்.

*

நீரின் அழுத்தத்தைக் கொண்டு சரக்குத் தூக்கும் இயந்திரங்களை ஒரு கிடங்கில் முதலில் பொருத்தியதும் ஆல்பர்ட் டாக்கில்தான், 1848-ல். இவ்வளவு செய்தும் அந்த டாக் முழு மூச்சாக இயங்கியது சில பத்தாண்டுகள்தான். ஹார்ட்லி பாய்மரக் கப்பலின் அளவுக்கு வாசல் வைத்தார். இருபது ஆண்டுக்குள் நீராவிக் கப்பல்கள் அந்த வாசலில் நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டன. கப்பல் வராவிட்டாலும் கட்டடம் சாய்ந்துவிடவில்லை. அளவுக்கு மீறிய உறுதியோடு கட்டினார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் அன்றைக்கு உண்டு. அந்த உறுதிதான் ஒன்றரை நூற்றாண்டு கழித்து நகரத்துக்குக் கைகொடுத்தது. பத்தாண்டுக் கணக்குப் போட்டுக் கட்டியிருந்தால், 1980-களில் மீட்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

*

1960-களில் ஆல்பர்ட் டாக்கை இடித்துவிட்டு உயரமான அலுவலகக் கட்டடங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1952-ல், அந்தக் கிடங்குகள் மிக உயர்ந்த நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியிருந்தன. உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. இடிப்பு நடக்கவில்லை. 1970-களில் பாலிடெக்னிக் கல்லூரியை அங்கே கொண்டுவரும் யோசனை பிறந்து, பணமில்லாமல் நின்றது. கட்டடம் காத்துக் கிடந்தது.

*

1981 ஜூலையில் லிவர்பூலின் டோக்ஸ்டெத் பகுதியில் பெரும் கலவரம். வேலையின்மையும், கறுப்பின இளைஞர்கள் மீது காவல்துறை காட்டிய கெடுபிடியும் சேர்ந்து வெடித்த கோபம் அது. அதன் பிறகு லண்டனில் நடந்த விவாதம் முப்பது ஆண்டு கழித்து, 2011 இறுதியில், அரசு ஆவணங்கள் வெளியானபோதுதான் முழுதாகத் தெரிந்தது. அன்றைய நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், லிவர்பூலில் பணத்தைக் கொட்ட வேண்டாம், அது மெல்லத் தேய்ந்து போக விட்டுவிடலாமே என்ற யோசனையைப் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு முன்வைத்திருந்தார். அதை எதிர்த்து நின்றவர் அதே கட்சியின் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன். லிவர்பூலில் வந்து தங்கினார், தெருத் தெருவாக நடந்தார், டாக்குகளை மீட்க அரசின் பணத்தை வாங்கிக் கொடுத்தார். பெருவாரியாக அவர் கட்சிக்கு எதிராகவே வாக்களிக்கும் அந்த நகரம், 2012-ல் அவருக்குத் தன் மிக உயர்ந்த குடிமை மரியாதையை வழங்கியது. ஒரு நகரத்தைக் கைவிடுவதும் கைதூக்கி விடுவதும் ஒரே மேசையில் எடுத்த முடிவுகள்தான் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

*

மீட்புப் பணியின் முதல் வேலை ஓவியமோ இசையோ அல்ல, தூர் வாருவது. 1981-ல் அமைத்த மெர்ஸிசைடு வளர்ச்சிக் கழகம் சேற்றை அள்ளியது, டாக் கதவுகளைச் செப்பனிட்டது, உள்ளே மீண்டும் நீரைத் தேக்கியது. 1984-ல் பாய்மரக் கப்பல்களின் பந்தயத் திருவிழா அங்கே வந்தது. அதே ஆண்டு, குப்பையும் எண்ணெய்க் கழிவும் கிடந்த தெற்குக் கரையில் சர்வதேசத் தோட்டக் கண்காட்சி நடந்தது. 30 லட்சத்துக்கும் மேலானோர் வந்து பார்த்தார்கள். உயரமான சுற்றுமதிலுக்கு வெளியிலேயே வாழ்ந்து பழகிய நகர மக்களில் பலருக்கு, டாக்குகளின் உட்புறத்தைப் பார்க்க முதல் வாய்ப்புக் கிடைத்தது அந்த ஆண்டில்தான்.

*

லண்டனில் டேட் கலைக்கூடத்தை நிறுவிய ஹென்றி டேட், லிவர்பூலில் மளிகைக் கடைக்காரராகத் தொடங்கி, சர்க்கரை ஆலை வைத்துச் செல்வந்தரானவர். 1981-ல் அந்த ஊரின் லவ் லேன் தெருவிலிருந்த அந்தச் சர்க்கரை ஆலையை மூடியபோது, ஏராளமான குடும்பங்கள் தெருவில் நின்றன. ஏழு ஆண்டு கழித்து, 1988-ல், அதே டேட் பெயர் கலைக்கூடமாக ஆல்பர்ட் டாக்குக்குள் வந்தது. கிடங்கைக் கலைக்கூடமாக மாற்றிய கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்டர்லிங், லிவர்பூலில் வளர்ந்து அங்கேயே படித்தவர். வெளியே ஹார்ட்லியின் முகத்தை அவர் தொடவில்லை. சர்க்கரைப் பணத்தில் பிறந்த கலைக்கூடம், சர்க்கரை இறங்கிய துறைக்கே திரும்பிவந்தது. ஆனால் ஆலை வேலை திரும்பி வரவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

1988 முதல் 1996 வரை பிரிட்டனின் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஆல்பர்ட் டாக்கிலிருந்துதான் ஒளிபரப்பானது. வானிலை அறிக்கைக்கு, டாக் நீரில் பிரிட்டிஷ் தீவுகளின் பெரிய வரைபடத்தை மிதக்கவிட்டு, அதன் மேல் நடந்தும் தாண்டியும் சொல்வார்கள். பாழடைந்த ஊர் என்று கேள்விப்பட்டிருந்த நாடு, தினமும் காலையில் அந்தச் செங்கல் கிடங்குகளைப் பார்த்தது.

*

லிவர்பூலிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் சுமார் 15 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக்கைக் கடத்திச் சென்றன. அந்த வணிகத்தில் வந்த பணம் டாக்காக, மாளிகையாக, வங்கியாக ஊர் முழுக்கப் படிந்திருக்கிறது. 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபோது அதைக் கடுமையாக எதிர்த்த ஊர்களில் லிவர்பூலுக்கு முதலிடம். 1999-ல் நகர மன்றம் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 2007 ஆகஸ்ட் 23-ல், தடைச் சட்டத்தின் இருநூறாவது ஆண்டில், ஆல்பர்ட் டாக்கிலேயே சர்வதேச அடிமைமுறை அருங்காட்சியகம் திறந்தது. அடிமைக் கப்பல்களைப் பழுதுபார்த்த உலர்துறைகள் அதிலிருந்து சில நிமிட நடைதான். துறைமுகங்களைச் சுற்றுலாத் தலமாக்கும் நகரங்கள் பலவும் நங்கூரத்தையும் சக்கரத்தையும் பளபளப்பாக்கி வைத்துவிட்டு, இருட்டான பகுதியைப் பேசாமல் விட்டுவிடும். லிவர்பூல் அதைத் தன் அருங்காட்சியகத்தின் மாடியில் ஏற்றி வைத்தது. இந்த மீட்சியில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

*

லிவர்பூல் பருத்திச் சந்தையின் விலைப் பட்டியலில் நம் திருநெல்வேலிக்கு ஓர் இடம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ‘டின்னவேலி’ என்பது அங்கே ஒரு தரத்தின் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) அங்கிருந்து பருத்தி வருவது நின்றபோது, இந்தியப் பருத்தியின் விலை விண்ணைத் தொட்டது. கரிசல் காட்டு விவசாயிக்கு எட்டிய விலை ஏற்ற இறக்கத்துக்குக் கயிறு லிவர்பூல் தரகர்களின் கையில் இருந்தது. பல்லாண்டு கழித்து அதே பருத்தி வணிகத்தில் விற்பனையாளராக வேலை பார்த்த ஒருவர், ஓய்வு நேரத்தில் ஜாஸ் குழு நடத்தினார். அவர் பெயர் ஜிம் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் தந்தை.

*

பீட்டில்ஸ் பிறந்தது துறைமுகக் குடும்பங்களில்தான் என்று சொல்வது மிகையல்ல. ஜான் லெனனின் தந்தை கப்பல் சிப்பந்தி. ஜார்ஜ் ஹாரிசனின் தந்தையும் பேருந்து ஓட்டுவதற்கு முன் கப்பலில் வேலை பார்த்தவர். நியூயார்க் போய்வந்த லிவர்பூல் கப்பல்காரர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளையும் உடைகளையும் கிடார்களையும் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஹாரிசன் 1961-ல் வாங்கிய கிரெட்ச் கிடார், ஒரு மாலுமி நியூயார்க்கில் வாங்கி வந்தது. ஆல்பர்ட் டாக்கின் கிடங்கு நிலவறையில் 1990-ல் திறந்த பீட்டில்ஸ் அருங்காட்சியகம் பொருத்தமான இடத்தில்தான் இருக்கிறது.

*

1830-லிருந்து 1930 வரை சுமார் 90 லட்சம் பேர் லிவர்பூலில் கப்பலேறி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று புலம்பெயர்ந்தார்கள். அயர்லாந்தின் பஞ்சத்தில் தப்பியவர்களும் அதில் அடக்கம்.

*

ஐரோப்பாவின் மிகப் பழைய சீனக் குடியிருப்பு லிவர்பூலில்தான். 1860-களில் அங்கிருந்து சீனாவுக்கு நேரடி நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின; கப்பலில் வேலை செய்த சீனர்கள் டாக்குகளின் அருகே குடியேறினார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களில் அவர்களும் உண்டு. போர் முடிந்த கையோடு, 1945-46-ல், பிரிட்டிஷ் அரசு நூற்றுக்கணக்கான சீன மாலுமிகளை ரகசியமாக நாடு கடத்தியது. உள்ளூர்ப் பெண்களை மணந்து குழந்தை பெற்றவர்களும் அதில் இருந்தார்கள். அப்பா நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று நம்பியே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். உண்மை தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 2006-ல் ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2000-ல் எழுப்பிய சீன நுழைவாயில் 13 மீட்டருக்கும் மேல் உயரம். அதைப் படம் எடுக்கிறவர்கள் அந்தச் சிறிய பலகையையும் தேடிப் போய்ப் படிக்க வேண்டும்.

*

டாக்குகளின் நெடுக, தரைக்கு மேலே தூண்களில் ஓடிய ரயில் ஒன்று 1893-ல் வந்தது. உலகின் முதல் மின்சார உயர்மட்ட ரயில் அது. மழையில் தொழிலாளர்கள் அதன் அடியில் ஒதுங்கி நடந்ததால், ‘டாக்காரர் குடை’ என்று பெயர். 1897-ல் லூமியேர் சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்ஸாந்தர் ப்ரோமியோ, ஓடும் அந்த ரயிலில் கேமராவை வைத்து டாக்குகளைப் படம்பிடித்தார். நகரும் கேமராவால் எடுத்த மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று. இரும்புத் தளம் துருவேறிப் பழுதுபார்க்கப் பணமில்லாமல், 1956 இறுதியில் ரயிலை நிறுத்திவிட்டு, பாதையைப் பிரித்துப் போட்டார்கள். மிஞ்சிய ஒரு பெட்டி, 2011-ல் ஆற்றங்கரையில் திறந்த லிவர்பூல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தப் பாதை மட்டும் இருந்திருந்தால், இன்று உலகமே வந்து ஏறியிருக்கும்.

*

ஆற்றங்கரையின் ராயல் லிவர் கட்டடம் 1911-ல் எழுந்தது. அதன் கடிகார முகங்களின் குறுக்களவு 7.6 மீட்டர், லண்டனின் பிக் பென் கடிகாரத்தை விடப் பெரியது. கோபுர உச்சியில் நிற்கும் செம்புப் பறவைகள் இரண்டும் நகரத்தின் சின்னம். அவற்றை வடித்த கார்ல் பெர்னார்ட் பார்ட்டெல்ஸ் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்ததும் அவரை எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தார்கள். பறவைகள் அங்கேயே இருந்தன. வடித்தவரின் பெயரை ஊர் நெடுங்காலம் மறந்துபோனது.

*

மெர்சி ஆற்றைக் கடக்கும் ‘ஸ்னோடிராப்’ படகை 2015-ல் கோடும் கட்டமும் வண்ணமுமாக மாற்றினார் பீட்டர் பிளேக். பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டின் புகழ்பெற்ற அட்டையை உருவாக்கியவர்களில் ஒருவர். படகில் அவர் பயன்படுத்தியது, முதல் உலகப் போரில் எதிரி நீர்மூழ்கிகளின் கண்ணை ஏமாற்றக் கப்பல்களுக்கு அடித்த வண்ண முறை. கலைக்கூட வாசலை மிதிக்காதவரும் ஆற்றைக் கடக்க டிக்கெட் எடுத்தால் ஓர் ஓவியத்துக்குள் ஏறிவிடலாம்.

*

டாக்குகளின் வடகோடியைத் தாண்டி கிராஸ்பி கடற்கரையில் 100 இரும்பு மனிதர்கள் நிற்கிறார்கள். சிற்பி ஆண்டனி கோர்ம்லி தன் உடலையே அச்செடுத்து வார்த்தவை. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்தபடி நிற்கும் இவை, நீர் ஏறும்போது ஒவ்வொன்றாக மூழ்கும். 2005-ல் தற்காலிகமாக வந்தவற்றை வேறு நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. இங்கேயே இருக்கட்டும் என்று பலரும் கேட்க, 2007-ல் நிரந்தரமாகத் தங்கின.

*

ஆட்டுக்குட்டியின் தலை, வாழைப்பழத்தின் வால், மஞ்சள் நிறம். ‘சூப்பர்லாம்பனானா’ என்ற இந்த 5 மீட்டர் சிலையை ஜப்பானியக் கலைஞர் டாரோ சியேஸோ 1998-ல் உருவாக்கினார். ஆடும் வாழையும் இந்தத் துறைமுகத்தில் இறங்கி ஏறிய சரக்குகள். ஊர் அதை முதலில் வியந்து பார்த்தது, பிறகு தத்தெடுத்துக்கொண்டது.

*

2008-ல் லிவர்பூல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரம். அந்த ஆண்டு செப்டம்பரில் 15 மீட்டர் உயர இயந்திரச் சிலந்தி ஒன்று நகரத் தெருக்களில் நடந்தது. செய்தவர்கள் பிரான்சின் நாந்த் நகரத்து ‘லா மஷின்’ குழுவினர். நாந்தும் கப்பல் கட்டும் தளங்களை இழந்து, அந்தத் தளங்களிலேயே கலையை வளர்த்த ஊர். 2012-ல் நாந்திலிருந்தே ‘ராயல் டி லக்ஸ்’ குழு ராட்சத பொம்மைகளுடன் வந்தது. டைட்டானிக் மூழ்கி நூறாண்டு நிறைந்த நேரம் அது. டைட்டானிக்கில் பணிபுரிந்த தந்தைக்கு ஒரு லிவர்பூல் சிறுமி எழுதிய கடிதம் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தந்தையின் கையில் அது சேரவே இல்லை. அந்தக் கடிதத்திலிருந்து பிறந்ததுதான் மூன்று நாள் தெருக்கூத்தாக நடந்த அந்தப் பொம்மைக் கதை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்த ஒரு தாள், லட்சக்கணக்கான மக்களைத் தெருவுக்கு அழைத்துவந்தது.

*

டைட்டானிக்கின் பின்புறத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் லிவர்பூல். கப்பல் பதிவானது இங்கே. ஆனால் ஒருமுறைகூட இந்த ஊருக்கு வந்ததில்லை.

*

வடக்கே ஸ்டான்லி டாக்கில் 1901-ல் முடிந்த புகையிலைக் கிடங்கு, 14 மாடி. செங்கல் 2 கோடியே 70 லட்சம். உலகின் மிகப் பெரிய செங்கல் கிடங்கு என்று பெயர். எதிரே இருக்கும் பழைய கிடங்கு 2014-ல் ஹோட்டல் ஆனது. புகையிலைக் கிடங்கு குடியிருப்பாக மாறியது. இடையில் கிடந்த காலத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்: ‘கேப்டன் அமெரிக்கா’வின் முதல் படத்துக்கு இது நியூயார்க்கின் ப்ரூக்ளின் ஆனது.

*

1995-ல் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள் சுமார் 500 பேர், சக தொழிலாளர்களின் மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்ததால், வேலை இழந்தார்கள். போராட்டம் 1998 வரை நீண்டது. 1997-ல் லிவர்பூல் கால்பந்து வீரர் ராபி ஃபவுலர் கோல் போட்டுவிட்டு, சட்டையைத் தூக்கி, உள்ளே அணிந்திருந்த ஆதரவு வாசகத்தைக் காட்டினார், அபராதம் கட்டினார். போராட்டம் தோற்றது. ஆனால் அந்தத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து, தங்கள் கதையைத் தொலைக்காட்சி நாடகமாக எழுதினார்கள். 1999-ல் ஒளிபரப்பானது. அதில் கிடைத்த பணத்தில் ஹோப் தெருவில் ஒரு கட்டடம் வாங்கி, ‘காசா’ என்ற மக்கள் மன்றத்தைத் திறந்தார்கள். கூட்டமும் இசையும் நாடகமும், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவியும் அங்கே நடக்கின்றன. டாக்குகளின் கலாசார மீட்சி என்றால் பெரிய கலைக்கூடங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சுமை தூக்கியவர்கள் தாங்களே எழுதி, தாங்களே சம்பாதித்துக் கட்டிய இந்த மன்றத்தைப் பட்டியலின் முதல் வரிசையில் வைக்க வேண்டும் என்பேன்.

*

2004-ல் யுனெஸ்கோ லிவர்பூல் துறைமுகப் பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வடக்கு டாக்குகளில் உயரமான கட்டடங்களுக்குத் திட்டம் வந்ததும், 2012-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2021 ஜூலையில் தகுதியையே பறித்தது. ஓமானின் ஓரிக்ஸ் மான் சரணாலயம், ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு ஆகியவற்றுக்கு அடுத்து, உலகில் இப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம். காரணங்களில் ஒன்று, பிராம்லி-மூர் டாக்கை மூடிக் கால்பந்து அரங்கம் கட்டும் திட்டம்.

எவர்ட்டன் அணியின் அந்த அரங்கம் 2025-ல் திறந்துவிட்டது. சுமார் 53 ஆயிரம் பேர் அமரலாம். ஹார்ட்லியின் 1848-ஆம் ஆண்டு டாக் அது. கடல் மணலால் நிரப்பியிருக்கிறார்கள், பக்கச் சுவர்கள் மணலுக்குள் அப்படியே இருக்கின்றன. பழைய நீரழுத்தக் கோபுரத்தைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். பல காலமாக ஈ, காக்கை இல்லாத வடக்குக் கரையில் இப்போது ஆட்ட நாள்களில் கூட்டம் அலைமோதுகிறது. ஏழ்மையில் கிடக்கும் அந்தப் பகுதிக்கு அரங்கம் தேவைதான். கோபுரக் கட்டடங்களின் உயரத்தைக் குறைத்திருந்தால், உலக மரபுத் தகுதியும் தங்கியிருக்கும் என்பது என் எண்ணம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று நகரத்தைத் தள்ளியது நல்லதல்ல.

*

சரக்குக் கப்பல்கள் நின்ற கிங்ஸ் டாக்கில் இப்போது இசை அரங்கம். 2022-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் உக்ரைன் வென்றது. போரினால் அடுத்த போட்டியை அங்கே நடத்த முடியவில்லை. 2023 மே மாதம் உக்ரைனுக்காக அதை ஏற்று நடத்தியது இந்த அரங்கம்தான்.

*

லிவர்பூல் போகும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. டேட் கலைக்கூடம் 2023 அக்டோபரிலும், கடல்சார் அருங்காட்சியகமும் அதனுள் இருக்கும் அடிமைமுறை அருங்காட்சியகமும் 2025 தொடக்கத்திலும் சீரமைப்புக்காக மூடப்பட்டன. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அடிமைமுறை அருங்காட்சியகம் திறந்திருந்தால், பீட்டில்ஸுக்கு முன்னால் அதைப் பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். ஹோப் தெருவில் ‘காசா’வில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கடைவீதிக்கு அடியில் இருக்கும் பழைய டாக்கை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும்; அதற்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.